பதினாலாம் நம்பர் கல்

முப்பிடாதியின் கால்வலி அவளை விட்டு இறங்கித் தரைக்குள் போனது, ஆடித் தள்ளுபடியின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால் மணிக்கு. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு வீட்டாருக்கு அவள் நாற்பத்து மூன்றாவது பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணின் அத்தை இதிலேயே வேறு கலர் கேட்டாள். “இருக்குக்கா, எடுக்கேன்” என்று முப்பிடாதி அலமாரிப் பக்கம் திரும்பினாள். திரும்பிய அந்த நேரத்தில், ஒன்பது வருஷமாகக் குதிகாலிலும் கெண்டைக்காலிலும் குடியிருந்த வலி, சாய்த்த குடத்துத் தண்ணீர் மாதிரி முழங்காலுக்குக் கீழே இறங்கி, பாதம் வழியாக, அவள் நின்றுகொண்டிருந்த பதினாலாம் நம்பர் கல்லுக்குள் போய்விட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒன்பது வருஷம் கூடவே இருந்தது சொல்லாமல் கொள்ளாமல் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆலடிப்பட்டணத்தில் தங்கப்பாவு ஜவுளி மாளிகையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐந்து மாடி; இரண்டாவது மாடி முழுக்கப் பட்டு; தரை முழுக்க மூன்றடிச் சதுர வெள்ளைப் பளிங்குக் கல். முதலாளி திரவியம் அண்ணாச்சிக்கு அந்தத் தரை மேல் அப்படியொரு பக்தி. லட்சுமி நடமாடுகிற தரை என்பார். அதனால் வாங்க வருகிறவர்கள் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் படியேற வேண்டும். விற்கிற பெண்கள் காலை ஒன்பதே முக்காலுக்குக் கழற்றிய செருப்பை ராத்திரி ஒன்பதரைக்குத்தான் மறுபடி மாட்டலாம். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கல், கல்லின் ஓரத்தில் மஞ்சள் டேப்பில் ஒரு நம்பர், தலைக்கு மேலே ஒரு கேமரா. சேருகிற அன்றைக்கு சூப்பர்வைசர் குலசேகரன் “இதுதான் ஒன் கல்லு” என்று காட்டிக் கொடுப்பார். அதற்கப்புறம் அந்தக் கல்லோடு அவர்கள் இருந்த நேரம் கட்டின புருஷனோடுகூட இருந்திருக்க மாட்டார்கள். பெண்கள் வருஷா வருஷம் கேட்டும் உட்கார இடம் கிடையாது. ‘விக்கிறவ உக்காந்தா யாவாரம் படுத்துரும்’ என்பது அண்ணாச்சியின் கண்டுபிடிப்பு. அதை அவர் கீழ்த்தளத்தில் மெத்தை வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார்.

கால் வலிக்காமல் நிற்பதற்கு அந்த மாடியின் இருபத்தாறு பெண்களுக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. பாரத்தை இடது காலில் போட்டு நூறு எண்ணுவார்கள், வலது காலில் போட்டு நூறு எண்ணுவார்கள். கஸ்டமர் முந்தானையைப் பார்க்கிற நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார்கள். பழைய வேட்டித்துணியைக் கிழித்துக் கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு விடுகிற இருபது நிமிஷத்தில் பத்து நிமிஷம் ஸ்டாக் அறைச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டு, பாக்கிப் பத்து நிமிஷத்தில் சாப்பிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு, அது ஆறுகிற வரைக்கும் காலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய வைத்தியத்தைக் கண்டுபிடித்தவள் பதினைந்தாம் நம்பர் கல்லில் நின்ற ஜெனோவா. இருபத்திரண்டு வயது, கடை விடுதியில் தங்கியிருப்பவள். சேலைக்கு நடுவில் வைக்கிற அட்டையை ஐந்தாறு சேர்த்துக் கட்டி, பாலித்தீன் கவரில் போட்டு, காலுக்கடியில் தள்ளிக்கொண்டாள். ஒரு வாரத்தில் மாடி முழுக்க அட்டை வந்துவிட்டது. பத்தாவது நாள் குலசேகரன் குனிந்து பார்த்துவிட்டு, கடைச்சொத்தின் மேல் ஏறி நிற்கிறீர்களா என்று எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனார். அட்டை என்னவோ குப்பைக்குத்தான் போயிற்று.

இப்படி இருந்த இடத்தில் முப்பிடாதி ஐந்து நாள் வலியில்லாமல் நின்றாள். புதுசாகப் பிறந்தவள் மாதிரி இருந்தது அவளுக்கு. முப்பத்து நாலு வயதில், படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள். பஸ்ஸில் ஓர் இடம் காலியானபோது ஓடிப்போய் விழாமல் இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். பெற்ற மகளிடம் எரிந்து விழாமல் ஒரு சாயங்காலத்தைக் கழித்தாள். வலி இத்தனை நாளும் காலை மட்டும் தின்னவில்லை, தன் வாயையும் தின்று, பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய நல்ல வார்த்தையையும் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. விளங்கினதும் பயம் போய், அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. கடையில் முதன்முதலாக உட்கார்ந்தது அந்தக் கோபம்தான்.

ஆறாம் நாள் வக்கீல் வீட்டம்மா வந்தாள். முப்பிடாதி கல்லை விட்டு நகர்ந்து ஏணியில் ஏறியிருந்தாள். அவள் எடுப்பது தாமதமாயிற்றென்று வக்கீல் வீட்டம்மா பொறுமையில்லாமல் கவுண்ட்டருக்கு உள்ளே வந்து, மேல்தட்டைக் கை காட்டி, “அந்தா அந்த மாம்பழக் கலரு” என்று சொல்லி, பதினாலாம் நம்பர் கல்லில் கால் வைத்தாள். வைத்தவள் அலறிப் பின்னால் பாய்ந்து, கல்லுக்கு வெளியே குந்திவிட்டாள். கீழே உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் கையால் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதாள். அழுகை நின்றதும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

“ஏட்டி, இங்க யாரு இம்புட்டு நேரம் நின்னது?”

“நாந்தாம்க்கா” என்றாள் ஏணியிலிருந்து முப்பிடாதி.

வக்கீல் வீட்டம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.  பிறகு எழுந்து, மாம்பழக் கலரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஊர் முழுக்க அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னாள். கல்லைப் பற்றித்தான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து ஊர் வந்தது. ஆலடிப்பட்டணத்துக்காரர்கள் எதற்கும் அதிகமாக ஆச்சரியப்படுகிறவர்கள் அல்ல. ஒன்று நடந்துவிட்டால், அதற்கு எங்கே வரிசை நிற்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். மிதித்துப் பார்க்க வந்தார்கள். ஜிம் வைத்திருக்கிற ஆள் மூன்று எண்ணுவதற்குள் குதித்து இறங்கினார். ரைஸ்மில்காரர் இரண்டு. கவுன்சிலர் ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலை வைக்கவில்லை. புளியரை பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் மட்டும் பதினொன்று வரைக்கும் நின்றார். பெரியாஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி ஒன்பது. ரவுண்டானாவில் நிற்கிற போலீஸ்காரப் பெண் பத்து. கண்டக்டர் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நம்ம வலிதான். கொஞ்சம் கூட இருக்கு” என்று முப்பிடாதியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவள் காலைப் பற்றி அந்த ஊர் சொன்ன ஒரே மரியாதையான வார்த்தை அது.

குறி சொல்கிறவர் வந்தார். வெற்றிலையைக் கல்லின் மேல் போட்டுப் பார்த்து, இது வலி இல்லை, வரம், தாயார் கால் கடுக்க நின்று ஊரைக் காக்கிறாள் என்றார். அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெயரும் வைத்தாயிற்று: நின்ற நாச்சியார். கவுண்ட்டரை இடித்து வழி விட்டார்கள், கயிறு கட்டினார்கள், சந்தனம் வந்தது, உண்டியல் வந்தது, பூசாரியும் வந்தார். கால்வலிக்காரர்கள் தகட்டில் அடித்த வெள்ளிக்கால் வாங்கிச் சாத்தினார்கள். சாமி மேல் காலை வைக்கலாமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, காலால் வந்த தாய் காலாலேயே கும்பிடு வாங்கிக்கொள்வாள் என்று பூசாரி வழி சொன்னார். பத்து எண்ணுகிற வரை நின்றால் நினைத்தது நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட, கல்யாணம் ஆகாதவர்களும் பரீட்சை எழுதினவர்களும் மெலிந்த கால்களோடு வரிசையில் வந்து மூன்றிலும் நாலிலும் அலறி விழுந்தார்கள். அண்ணாச்சி மட்டும் ஒரு நாளும் ஏறவில்லை. தாயை மிதிக்கத் தனக்கு மனசு வராது என்றார். எவ்வளவு பணிவு என்று ஊர் மெச்சியது.

விற்கிற பெண்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. நாற்காலி எங்கே என்று கேட்க ஓர் அதிகாரி வரத்தான் செய்தார். அவரையும் கல்லில் ஏற்றினார்கள். இரண்டில் இறங்கி, கண்ணைத் துடைத்து, குங்குமம் வைத்து, பிரசாதப் பையோடு கீழே போனார். கேட்க வந்ததை மறந்தே போனார்.

எல்லாம் சரி, அந்தக் கல்லில் நின்றவள் எங்கே என்று கேட்க வேண்டாமா? முப்பிடாதியைப் படிக்கட்டுப் பக்கம் முப்பத்தோராம் நம்பர் கல்லுக்கு மாற்றிவிட்டார்கள்.

“அது எங் கல்லு சார். அதுல நின்னாத்தான் எனக்கு வலிக்காது” என்று அவள் குலசேகரனிடம் சொன்னாள்.

“அதான் பிரச்சினையே. எல்லாரும் அழுதுக்கிட்டு எறங்குற எடத்துல நீ சும்மா நின்னா சாமிக்கு என்ன மரியாதை இருக்கு?” என்றார் அவர்.

முப்பத்தோராம் கல் அதுவரை யாரும் நிற்காத புதுக்கல். அது எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே குதிகாலில் ஆணி இறங்கியது, நாலாம் நாள் கெண்டைக்கால் முறுக்கியது, ஒரு வாரத்தில் பழைய வலி வட்டி போட்டு வந்து சேர்ந்தது. வலி இல்லாத காலை ஒரு தரம் பார்த்துவிட்டவளுக்கு அது முன்னைப்போல இல்லை. முன்பு அது விதி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இப்போது, இது யாரோ தன் காலில் வைத்துவிட்டுப் போன சுமை என்று தெரிந்தே நின்றாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஒன்பது வருஷத்துக்குச் சாமரம் வீசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தண்ணீர் குடிக்கப் போகவே சீட்டு வாங்க வேண்டியிருந்தது.

புரட்டாசி கடைசியில், கடை திறக்கும் முன்னால், அண்ணாச்சி இருபத்தாறு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். வெள்ளை வேட்டி, விபூதி, குரலில் தேன்.

“தாயிமாரே, இத்தன வருசமும் ஒங்க வலி வீணாப் போயிட்டு. நமக்கு வெவரம் தெரியல. இனிமே ஒரு சொட்டும் வீணாப் போவப்பிடாது. கல்லுல விளையணும். தை மாசம் கீழமங்கலத்துல புதுக்கடை தொறக்கோம். அங்கயும் ஒரு நாச்சியார் வேணும்.”

 முப்பிடாதிதான் கேட்டாள்.

“அண்ணாச்சி, அது விளைய ஒம்பது வருசம் ஆச்சு.”

“அதுக்குத்தாம்மா நேரத்தக் கூட்டுதோம்” என்றார் அவர், அவளைப் பாராட்டுகிற மாதிரி.

நேரத்தைக் கூட்டினார்கள். பதினைந்தாம் நம்பர் கல், பழைய கல்லுக்குப் பக்கத்துக் கல், சீக்கிரம் பிடிக்கும் என்று பூசாரி சொன்னதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது ஜெனோவாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் கால் மாற்றக்கூடாது, குதிகாலைத் தூக்கக்கூடாது, கெண்டைக்காலில் துணி சுற்றக்கூடாது. சாப்பாட்டு நேரம் பத்து நிமிஷமாயிற்று. விடுதி வார்டன் வந்து பிளாஸ்டிக் வாளிகளையும் கல்லுப்புப் பொட்டலங்களையும் வாரிக்கொண்டு போனாள். வலியை வெந்நீரில் கரைப்பது கடைக்குத் துரோகம் என்று விளக்கமும் சொன்னாள். நெல்லுக்கு நீர் கட்டுகிற மாதிரி அந்தப் பெண்ணின் காலில் வலியைக் கட்டினார்கள். சாயங்காலத்துக்குச் சாயங்காலம் குலசேகரன் காலின் சுண்டுவிரலைக் கல்லின் ஓரத்தில் வைத்துப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையாட்டினார்.

ஜெனோவாவின் காலில் நரம்பு நீலமாகப் புடைத்து முழங்காலுக்கு மேலே கொடி போல ஏறிற்று. “யக்கா, எனக்குக் காலு இருக்குதா பாருங்க, எனக்குத் தெரிய மாட்டேங்கு” என்று ஒரு நாள் சொன்னாள். முப்பிடாதி படிக்கட்டுப் பக்கமிருந்து பார்த்தாள். கால் இருந்தது. கணுக்கால்தான் இல்லை, வீக்கத்தில் மறைந்து போயிருந்தது.

“லீவு போடுட்டி.”

“போட்டா விடுதிய காலி பண்ணச் சொல்லுதாவக்கா. எங்க போவேன்?”

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, பகல் மூன்று மணி. கூட்டத்துக்கு இடம் போதாதென்று கஸ்டமர்களுக்குப் போட்டிருந்த சிவப்பு நாற்காலிகளையும் அண்ணாச்சி சொல்லி அப்புறப்படுத்தியிருந்தார்கள். மாடியில் நாலு கால் உள்ள சாமான் ஒன்றுகூட இல்லை. நாச்சியாருக்கு வரிசை ஒரு பக்கம், சேலைக்கு வரிசை ஒரு பக்கம். அப்போது ஜெனோவாவின் கணுக்காலுக்கு மேலே புடைத்திருந்த நரம்பு வெடித்தது. சத்தமில்லை. ரத்தம் பாதத்தில் வழிந்து வெள்ளைக் கல்லில் பரவியது. அவள் அதையும் பார்க்காமல், கையிலிருந்த சேலையில் பட்டுவிடக் கூடாதென்று சேலையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூக்கிப் பிடித்தபடியே சாய்ந்தாள். பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் துணியை வைத்து அழுத்தி அவளைக் கீழே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அண்ணாச்சிக்குச் செய்தி போய், அவர் கற்பூரத் தட்டோடு வந்தார். குனிந்து கல்லைப் பார்த்தார். குங்குமக் கிண்ணத்தை எடுத்து ரத்தத்தின் மேலே தூவினார். எழுந்து, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“கல்லு செவந்துட்டு. தாயி வந்துட்டா.”

கூட்டம் கை கூப்பிற்று.

முப்பிடாதி முப்பத்தோராம் கல்லை விட்டு நகர்ந்தாள். தலைக்கு மேல் கேமரா திரும்பியது. திரும்பட்டும் என்று நடந்தாள். கவுண்ட்டரைக் கடந்து, வரிசையைக் கடந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். வெள்ளிக்கால்களை ஒரு கையால் ஒதுக்கினாள். பதினாலாம் நம்பர் கல்லில், பன்னிரண்டு எண்ணுகிற வரை ஊரில் ஒரு வீரனும் நிற்க முடியாத கல்லில், சேலையைச் சரிசெய்துகொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் குளிர்ச்சியாக இருந்தது. அது எப்போதும் நிற்கிற காலைத்தான் கடித்தது. உட்கார்ந்தவளை அதற்கு அடையாளமே தெரியவில்லை. இத்தனை மாதத்தில் இத்தனை ஆயிரம் பேர் வந்தார்களே, ஒருவருக்காவது உட்கார்ந்து பார்க்கத் தோன்றியதா? கோபத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“எந்திரிம்மா. சாமி மேல உக்காருத” என்று குலசேகரன் கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினார்.

“சாமி இல்ல சார். எங் காலு” என்றாள்.

பக்கத்தில், பதிமூன்றாம் நம்பர் கல்லில் நின்ற சபூரா அதிலேயே உட்கார்ந்தாள். அதற்கடுத்தவள் உட்கார்ந்தாள். பேச்சில்லை, சைகையில்லை, பட்டுச்சேலைகளைப் பத்திரமாகக் கவுண்ட்டரில் மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொருத்தியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருஷமாக மறந்திருந்த ஒரு வேலையைச் செய்கிற மாதிரி மெதுவாக, அவரவர் கல்லில் உட்கார்ந்தார்கள். ஜெனோவாவைக் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சேலை பார்க்க வந்தவர்கள் யாரைக் கேட்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

“அவளத் தூக்கி வெளிய விடுல” என்றார் அண்ணாச்சி. குலசேகரன் கல்லைப் பார்த்தார், தன் பாதத்தைப் பார்த்தார், நகரவில்லை. வேறு யாரும் நகரவில்லை. அண்ணாச்சிக்குக் கோபம் கண்ணை மறைத்தது. கற்பூரத் தட்டைப் பூசாரி கையில் திணித்துவிட்டு, கயிற்றைத் தாண்டி, முப்பிடாதியின் தோளைப் பிடித்து இழுப்பதற்காக, அவள் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில், கடைச் சட்டப்படி வெறுங்காலோடு, இரண்டு பாதத்தையும் வைத்து நின்றார்.

ஒன்பது ஆடித் தள்ளுபடியும் ஒன்பது தீபாவளியும் அவர் காலில் ஏறின. காய்ச்சலோடு நின்ற நாளும், வயிற்றுவலியோடு நின்ற மாதாமாதமும், தாய் செத்த மூன்றாம் நாள் நின்றதும், இதுலயே வேற கலர், இதுலயே வேற பார்டர் என்று கேட்டவர்கள் ஒன்றும் வாங்காமல் போன பிறகு விரித்த நாற்பது சேலையையும் மடித்துக்கொண்டு நின்றதும், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நின்றதும், பிள்ளைக்குப் பேச வைத்திருந்த நல்ல வார்த்தை காலில் வடிந்து போனதும், எல்லாம் ஒரு கணக்கில்லாமல் ஒரே நேரத்தில் ஏறின. அவர் அவள் தோளை விட்டுவிட்டார். வாய் கோணிற்று.

“நாற்காலி” என்றார். “நாற்காலி கொண்டா. ஏ, ஒரு நாற்காலி.”

குலசேகரன் மாடியைச் சுற்றி ஓடினார். இந்தக் கோடியில் இல்லை, அந்தக் கோடியில் இல்லை. அண்ணாச்சிக்கு இறங்கவும் கால் எழவில்லை. முழங்கால் மடிந்து, வேட்டி தரையில் புரள, முப்பிடாதிக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே வலி நின்றது. அவர் நம்ப முடியாமல் தன் பாதத்தைத் தடவிப் பார்த்தார்.

“உக்காந்தா வலிக்காது அண்ணாச்சி” என்றாள் முப்பிடாதி. “இத்தன வருசமா இதத்தான கேட்டோம்.”

 ஊரே பார்த்துக்கொண்டிருக்கையில் அவரால் தவழ்ந்து இறங்க முடியாது. எழுந்து நின்றால் அந்தக் கல்லில்தான் நிற்க வேண்டும். அது அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினார். முதலில் குலசேகரன் பக்கம் நீட்டினார், பிறகு பூசாரி பக்கம், கடைசியாக, கல்லுக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்த பெண்களின் பக்கம். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.